பால்பழம் ஊட்டும் கை

தென்காசி
12.1.2025

அன்புத் தங்கச்சி நிலோபருக்கு, லாத்தா ஆசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் மச்சானும் நஸீபாவும் சுகம். நீயும் கிதிர் முகம்மது தம்பியும் ஷார்ஜாவில் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மச்சான் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். குரலைப் பதிந்து அனுப்பினால் அதையும் நஸீபா கேட்டுவிடுகிறாள். பொம்பளைக்குப் பொம்பளை பேசுகிற சங்கதிக்கு அந்தச் சாமான் ஆகாது. விரல் வலித்தாலும் பரவாயில்லை என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

நஸீபாவுக்கு இடம் முடிவாகிவிட்டது. பையன் பெயர் யஹ்யா, அச்சன்புதூர். தாயார் சைதூன் பீவி கொஞ்சம் கறார், ஆனால் நல்ல குடும்பம். செப்டம்பரில் நிக்காஹ் வைக்கலாம் என்று பேச்சு.

அதைச் சொல்லத்தான் நேற்று உன்னை வீடியோவில் கூப்பிட்டோம். நீ அரைக்கை ஜாக்கெட்டில் வந்து உட்கார்ந்தாய். உன் முழங்கையைப் பார்த்தேன். எனக்கு இருக்கிற மாதிரியே உனக்கும் செதில் செதிலாக இருந்த முழங்கை, இப்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. வாய் 'மாஷா அல்லாஹ்' என்றது. வயிறு எரிந்தது. ஒரே உம்மா வயிற்றில் பிறந்து ஒரே சொரியாசிஸை வாங்கிக்கொண்டோம். உனக்கு மட்டும் எப்படிப் போனது?

என் உள்ளங்கை இரண்டும் வெடித்துக் கிடக்கின்றன. காலையில் விரல்கள் மடங்குவதில்லை. நிக்காஹ் முடிந்ததும் பெண்ணைப் பெற்றவள்தான் பாலில் பழத்தைப் பிசைந்து பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஊட்ட வேண்டும். அதுவும் கையால். கரண்டியால் கொடுப்பது நம் வழக்கம் இல்லை. இந்தக் கையை அவர்கள் முன்னால் எப்படி நீட்டுவேன்? எனக்கு இருப்பது ஒரே மகள்.

நீ போடுகிற ஊசி என்ன என்று விவரமாக எழுது. மச்சானும் நஸீபாவும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். வஸ்ஸலாம்.

ஆசியா


ஷார்ஜா
2.2.2025

என் அன்பான லாத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன்.

நஸீபாவுக்கு இடம் அமைந்ததில் இரண்டு நாளாகத் தரையில் கால் பாவவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனது நேற்றுப் போல இருக்கிறது. நீ அருவிக் கரையில் சோற்றுப் பாத்திரத்துக்குக் காவல் இருந்தாய், நான்தான் அவளைக் குளிப்பாட்டினேன்.

ஊசி பேனா மாதிரி ஒரு குழாயில் வரும். வயிற்றுச் சதையில் வைத்து அழுத்தினால் போதும். மாதம் ஒன்று. மூன்றாம் மாதமே தோல் சுத்தமாகிவிட்டது. இப்போது எல்லா உடுப்பும் போடுகிறேன். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன், 'என்ன கிரீம் போடுதே' என்று நாலு பேர் கேட்டார்கள்.

மூட்டு வலிக்குத்தான் அவ்வளவாகக் கேட்கவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த ஊசி ஆண்களுக்குக் கேட்கிற அளவுக்குக் கேட்பதில்லை, மூட்டு அடம்பிடிக்கிறது என்கிறாள் டாக்டர். ஆமாம் லாத்தா, எனக்கு நின்றுவிட்டது. ஒரு வருஷம் ஆகப் போகிறது. திடீர் திடீரென்று உடம்பு தகிக்கும், வேர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் சகஜமாம். உனக்கு இன்னும் வருகிறதா?

தோல் சுத்தமானதால் டாக்டர் ஊசிக்கு இடைவெளியைக் கூட்டிவிட்டாள். அதனால் இரண்டு ஊசி மிச்சம் இருக்கிறது. வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன்.

மச்சானுக்கு ஸலாம். நஸீபாவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடு, சாச்சி கொடுக்கச் சொன்னாள் என்று சொல்லிக் கொடு.

நிலோபர்


தென்காசி
20.2.2025

தங்கச்சி நிலோபருக்கு ஸலாம். இங்கே எல்லோரும் சௌக்கியம், உங்கள் சௌக்கியத்துக்குப் பதில் எழுது.

வேண்டுமென்றால் சொல் என்று கேட்கிறாயே. தாகத்தில் கிடப்பவளிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்களா? உடனே அனுப்பு.

ஆனால் ஒன்று. அங்கிருந்து வருகிறவர்கள் பாதிப்பேர் அச்சன்புதூர்க்காரர்கள். மருந்து என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஊசிக்கு மேலே இருக்கிற அட்டை, காகிதம் எல்லாவற்றையும் எடுத்துவிடு. சாக்லேட் டப்பாவில் போட்டு ஒட்டிக் கொடு. மாப்பிள்ளை வீட்டுக்குக் காதில் விழுந்தால், 'உம்மாவுக்கு இருக்கு, மகளுக்கும் வரும்' என்று பேச்சு கிளம்பிவிடும். என் தலை மேல் சத்தியம், யாரிடமும் வாய் திறக்காதே.

எனக்கு வருகிறதா என்று கேட்டாய். ஐம்பத்தொன்றிலும் விட்டபாடில்லை. இரண்டு மாதம் வராது, மூன்றாம் மாதம் வெள்ளமாகக் கொட்டும். இந்தத் தொல்லை உன்னை விட்டதே, உனக்கு நிம்மதி. தோலும் போச்சு, இதுவும் போச்சு. கொடுத்துவைத்தவள் நீ.

வஸ்ஸலாம்.

ஆசியா


ஷார்ஜா
24.4.2025

லாத்தாவுக்கு ஸலாம். சுகம். சுகமா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் ரமலான் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நோன்புகூட விடாமல் பிடித்தேன். மாதவிலக்காகித் தொழுகை இல்லாத நாள் என்று ஒன்றுமே வரவில்லை. பக்கத்து ஃப்ளாட்டுக்காரி, 'உனக்கென்னம்மா, பாக்கி நோன்பே கிடையாது' என்று வாழ்த்தினாள். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். உன் கடிதத்தில் நிம்மதி என்று எழுதியிருந்ததை அன்றைக்கு மறுபடி எடுத்துப் படித்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு மாதமும் எதற்காகக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாதா?

போகட்டும். நீ சொன்னபடியே அட்டை, காகிதம் எல்லாம் எடுத்துவிட்டு, டப்பாவில் போட்டு, ஆள் பார்த்து அனுப்பிவிட்டேன். ஐஸ் பாக்கெட்டும் வைத்திருக்கிறேன். கைக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வை. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நஸீபா இப்போதெல்லாம் தினமும் போன் பண்ணுகிறாள். கல்யாணப் புடவையிலிருந்து கொலுசு வரைக்கும் என்னிடம்தான் கேட்கிறாள். நல்ல பிள்ளை.

நிலோபர்


தென்காசி
9.5.2025

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது.

டப்பா வந்து சேர்ந்தது. யாரிடம் கொடுத்தாய் என்று எழுதவே இல்லையே நீ! யாக்கூபிடம் கொடுத்திருக்கிறாய். அவர் யஹ்யாவின் தாய்மாமன், சைதூன் பீவிக்குக் கூடப் பிறந்தவர். அவர் வந்தது தெரியும், அவர் பெட்டியில் என் டப்பா இருப்பது தெரியாது. அவர்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், கூடப் பிறந்தவர்கள் அத்தனை பேரும் வந்து சேராமல் பெட்டி உடைக்கமாட்டார்கள். மூத்தவள் சிவகிரியிலிருந்து வரத் தாமதம். மாடியில் தகரக் கொட்டகையில் பெட்டி கட்டியபடியே கிடந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து உடைத்தார்கள். சம்பந்தி வீடு என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பளி, சென்ட், பால்மாவு என்று ஆளாளுக்குப் பெயர் சொல்லி எடுத்துக் கொடுத்தார் யாக்கூப். கடைசியில், 'இது நிலோபர் அவ லாத்தாவுக்குக் குடுத்தது' என்று டப்பாவை நீட்டினார். சைதூன் பீவி சிரித்துக்கொண்டே, 'சாக்லேட்டா? பிள்ளையளுக்கு ரெண்டு உடைச்சுக் குடுக்கலாமே' என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. 'சக்கரை இல்லாததாம், எனக்குன்னு அனுப்பியிருக்கா' என்று சொல்லிச் சமாளித்தேன்.

மேலகரத்திலிருந்து நர்ஸ் ஆனந்தவள்ளி வந்து முதல் ஊசியைப் போட்டுவிட்டாள். இன்ஷா அல்லாஹ் பலன் தெரியும்.

வேறொரு சங்கதியும் காதில் விழுந்தது. பால்பழம் ஊட்ட உன்னைக் கூப்பிட்டிருக்கிறாளாமே நஸீபா? அவளே வாய்தவறிச் சொல்லிவிட்டாள். 'உம்மா, தப்பா எடுத்துக்கிடாதீய, உங்க கைக்காகத்தான்' என்றாள். அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டேன். பெற்றவள் நான் நிற்கும்போது உன் கை என்ன உசத்தி? அழகான கை, அவ்வளவுதானே. என் கையும் சரியாகட்டும், நானே ஊட்டுவேன். நீ அவளிடம் என்ன பதில் சொன்னாய் என்று எழுது.

ஆசியா


ஷார்ஜா
26.5.2025

லாத்தாவுக்கு ஸலாம். நலம்.

ஊசி எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது லாத்தா. டாக்டர் முதல் நாளே என்னிடம் சொன்னாள். நம் வயதுப் பெண்களுக்குக் கேட்காமல் போவதும் உண்டாம். அதனால் ரொம்ப நம்பிக்கை வைத்து மனதை உடைத்துக்கொள்ளாதே.

இவருக்கு வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை.

நிலோபர்


தென்காசி
25.6.2025

நிலோபருக்கு ஸலாம்.

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. ஒரு செதில்கூட உதிரவில்லை. முன்பைவிட மோசம், நெற்றி ஓரத்திலும் கிளம்பிவிட்டது. தோல் டாக்டர் உமா மகேஸ்வரியிடம் போனேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா கையில் இருந்த பேனாவை மேசையில் போட்டுவிட்டார். 'உறைமோர் வாங்குத மாதிரி ஊசிய வாங்கிப் போட்டிருக்கீயளே! காசநோய் இருக்கான்னு சோதிச்சீயளா? உங்க உடம்புக்கு இது ஆகுமான்னு கேட்டீயளா?' பிறகு, எப்படி வந்தது, எத்தனை நாள் வெளியே இருந்தது என்று கேட்டார். பெட்டிக் கதையைச் சொன்னேன். 'சித்திர வெயில்ல தகரத்துக்கு அடியில கெடந்துச்சுன்னா அது மருந்தில்ல, வெறும் தண்ணி. ஐஸ் ஒரு நாளைக்கு மேல நிக்காது. போட்டுக்கிட்டவங்களுக்கு இது தெரியுமே' என்றார்.

போட்டுக்கொண்டவளுக்குத் தெரியும் என்றாரே, அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஒரு வருஷமாக அதை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப் போடுகிறவள் நீ. யாக்கூப் வீட்டில் பெட்டி எப்போது உடைப்பார்கள் என்பதும் உனக்குத் தெரியும். மருந்து என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்றுதான் சொன்னேன், யாரிடம் கொடுத்தாய் என்று எனக்கே சொல்லக்கூடாது என்றா சொன்னேன்? யாக்கூப் வந்த அன்றைக்கே தெரிந்திருந்தால் உன் மச்சானை அனுப்பி வாங்கியிருப்பேன். போன கடிதத்தில் ஊசி கேட்காமலும் போகலாம் என்று முன்கூட்டியே எழுதினாயே, ஏன்? நஸீபாவுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டதற்கு ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

என் கை இப்படியே இருந்தால் உன் கைக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்தாயா? அப்படி இல்லை என்று எழுது. ஒரே ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

ஆசியா


ஷார்ஜா
27.7.2025

லாத்தா, ஸலாம்.

ஒரு மாதமாக உனக்குக் கடிதம் எழுதிக் கிழிக்கிறேன். மறந்துவிட்டேன் என்று ஒன்று எழுதினேன். நீ நம்பியிருப்பாய். அதையும் கிழித்துவிட்டேன்.

யாக்கூபண்ணனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் நஸீபா போன் பண்ணினாள். 'சாச்சி, எனக்குப் பால்பழம் நீங்கதான் குடுக்கணும்' என்றாள். நான் உடனே சரி என்றேன். உம்மாவிடம் கேள் என்று சொல்லவில்லை. ஊட்டினால் எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன்னால் நின்று கையை நீட்டிப் பார்த்தேன். அதே போனில், 'யாக்கூப் மாமா வாராக, டப்பாவை அன்னைக்கே போய் வாங்கிடு' என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நாளைக்கும் சொல்லவில்லை. பெட்டி மாடியில் கிடக்கும் என்று தெரியும். எதையும் நான் செய்யவில்லை லாத்தா, செய்யாமல் இருந்தேன். அந்தக் கடிதத்தில் ஆள் பெயரை எழுதாமல் விட்டதும் தெரிந்துதான்.

உன் கை சரியானால் உனக்கு எல்லாமே இருக்கும். மகள், மருமகன், நாளைக்குப் பேரப்பிள்ளை, இன்னும் மாதாமாதம் வருகிற அதுவும். எனக்கு இந்த முழங்கை மட்டும்தான். அதையாவது ஒரு நாளைக்கு எல்லோர் முன்னாலும் நீட்டிவிட வேண்டும் என்று இருந்தது. உனக்கு என் தோலின் மேல் பொறாமை என்று எனக்குத் தெரியும். உன் வயிற்றின் மேல் எனக்கு எத்தனை வருஷத்துப் பொறாமை என்று உனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்தோம். ரத்து செய்யச் சொல்லிவிடுகிறேன். நஸீபாவிடம் சாச்சிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்.

நிலோபர்


தென்காசி
14.8.2025

நிலோபருக்கு ஆசியா எழுதுவது. ஸலாம். உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

உன் கடிதம் வந்த அன்றைக்குச் சோறு வைக்கவில்லை. உன் மச்சானிடம் தலைவலி என்றேன். உன்னை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. நடுவில், அட்டையையும் காகிதத்தையும் எடுக்கச் சொன்னவளும் நான்தான் என்பது நினைவுக்கு வந்தது. அதற்காகவும் உன்னைத்தான் திட்டினேன்.

அடுத்த நாள் சைதூன் பீவி வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது, சம்பந்தி வீட்டுப் பெண்களெல்லாம் சேர்ந்து குளிப்போம் என்றார்கள். ஒவ்வொரு சீசனிலும் போல, பாத்திரத்துக்குக் காவல் இருக்கலாம் என்றுதான் ஏறினேன். அருவிக்குப் போனதும் சைதூன் பீவி, 'நீங்க குளிக்கலையா?' என்று கேட்டாள். உன்மேல் இருந்த ஆத்திரமோ என்னவோ, இனி யாருக்காக மறைக்க என்று தோன்றிவிட்டது. முக்காட்டை இடுப்பில் சொருகி, கையை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு பெண்கள் பக்கம் போய் நின்றேன். இரண்டு பேர் விலகினார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டாள். சைதூன் பீவி விலகவில்லை. விலகாமல் நின்று நன்றாகப் பார்த்தாள்.

'எத்தன வருசமா இருக்கு?'

'இருபது வருசம்.'

'ஒட்டுமா?'

'ஒட்டாது.'

'பிள்ளைக்கு வருமா?'

'வரலாம். வராமலும் போகலாம். டாக்டருக்கே தெரியாது.'

திரும்பி வரும்போது அவள் வேனில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நஸீபா என் பக்கத்தில் அழுதுகொண்டு வந்தாள். இரண்டு நாள் போன் இல்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். 'பந்தல்காரன்கிட்ட சொல்லியாச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கலாம் நீங்க, டப்பாவ வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சிருப்பேம்லா' என்றாள். நஸீபா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். உன் காரியத்தைத் தவிர. அது நஸீபாவுக்கே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

டாக்டர் உமா மகேஸ்வரி சோதனையெல்லாம் முடித்து முறைப்படி ஊசி ஆரம்பித்துவிட்டார். ஒன்று போட்டாயிற்று. உள்ளங்கையில் ஓரம் மட்டும் தெளிந்திருக்கிறது. நிக்காஹுக்குள் முழுதும் சரியாகாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வலது கை ஒருவழியாக மடங்குகிறது. இடது கையில் பாரம் எதுவும் நிற்பதில்லை, தம்ளரே நழுவுகிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். டிக்கெட்டை ரத்து செய்யாதே. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், மன்னிக்கவில்லை. பளபள என்று அந்தக் கையோடு நீ பந்தலில் நுழைந்தால் எனக்கு மறுபடியும் எரியும். அதுவும் தெரியும்.

ஆனாலும் வா. என்னால் கிண்ணத்தைப் பிடிக்க முடியாது. நீ பிடித்துக்கொள். நான் இந்த வெடித்த கையால் பழத்தைப் பிசைந்து என் மகளுக்கு ஊட்டுவேன். நீ பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். உனக்கு எரியட்டும். எரிந்தாலும் கிண்ணத்தைக் கீழே போடமாட்டாய், அவள் உனக்கும் மகள்தான்.

கிதிர் முகம்மது தம்பிக்கு ஸலாம். வந்து சேரும் நாளை எழுது.

லாத்தா ஆசியா